கல்லிலிருந்து கைக்கு

வடை ஊசிப்போயிருந்தது. முதலில் கண்டுபிடித்தவள் கண்ணாத்தாள். ஒரு கடி கடித்தாள், வரப்புக்கு அந்தப் பக்கம் துப்பினாள், மீதியை வாய்க்காலில் விட்டெறிந்தாள். அது சுழன்று சுழன்று மிதந்து போவதை நடவுக்கு வந்த பதினாலு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு மீனு செத்து மெதந்தா அதையாச்சும் கொழம்பு வச்சுக்கலாம்" என்றாள் கண்ணாத்தாள்.

நிலத்துக்காரன் ராம்கி காலி டீ கேனைப் பிடித்தபடி நின்றான். வடையை அவன் சுடவில்லை. நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துக் கடையில் வாங்கியது. ஆனால் நடவு வயலில் அந்தச் சமாதானமெல்லாம் எடுபடாது. வரப்புக்கு வந்த சாப்பாடு நிலத்துக்காரன் போட்ட சாப்பாடு. அது ஊசிப்போனால் அவன் பேரும் ஊசிப்போகும்.

எட்டு மா நிலம் அது. மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். கோரையாற்றுப் பாசனத்தில் கடைசி மடையில், தண்ணீர் வடியாமல் கிடக்கும் பள்ளக்கால். போன வருஷம் நடவு மெஷினை இறக்கி, அது இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்துகொண்டு, டிராக்டர் கட்டி இழுக்க அரை நாள் ஆயிற்று. ஆகவே கை நடவுதான். புரட்டாசியில் கை நடவுக்கு ஆள் பிடிப்பது பெண் பார்ப்பதைவிடச் சிரமம். சுற்றுவட்டாரத்துக்கே பூவம்மாளின் செட்டு ஒன்றுதான் மிச்சம். அவள் ஐம்பத்தெட்டு வயசுக்காரி. எந்த நாள் யார் வயல் என்பதை அவள்தான் முடிவு செய்வாள்.

இந்த நிலைமையில் ராம்கி ஒரு அவசரம் பண்ணிவைத்திருந்தான். ஆள் இருக்கிறதே என்று நாற்றங்கால் முழுவதையும் ஒரே மூச்சில் பறித்து, முடி கட்டி, தண்ணீரில் போட்டுவிட்டான். பறித்த நாற்று இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் பழுக்கும். அதற்குமேல் மாடு தின்னும். முதல் நாளில் மூன்று மா முடிந்தது. நாளை மூன்று மா முடியும். நாளன்றைக்கு மிச்சம் இரண்டு மா.

சாயங்காலம் கரையேறிக் கால் கழுவும்போது பூவம்மாள் சொன்னாள். "நாளைக்கு வர்றோம் தம்பி. ஒத்துக்கிட்ட வேலை. நாளன்னைக்கு அமிர்தலிங்கம் ஐயா கூப்புடுறாரு. வட பாயசத்தோட சாப்பாடாம்."

"நமக்கு ரெண்டு மா பாக்கி இருக்குமேக்கா."

"இருக்கும்."

"பறிச்சுப் போட்ட நாத்து."

"பாத்தேன்" என்றாள் பூவம்மாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். வடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் ராம்கிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டில் மனைவி விஜயலட்சுமி கணக்காகச் சொன்னாள். "ஓட்டல்ல லெமன் சாதம் ஆர்டர் குடுத்துடுங்க. நான் எட்டரைக்கு அங்கன்வாடிக்குப் போவணும். இந்த வாரம் பூரா எடை போடுற வேலை. என்னால அத்தனை பேருக்கு ஆக்க முடியாது."

"நான் செய்றேன்."

"என்ன செய்வீங்க?"

"ரொட்டி. போலந்துல செய்வாங்கல்ல, அது."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. "ஆறு வருசத்துல நீங்க போன்ல ஒரு தடவைகூட சமைக்கிறதைப் பத்திச் சொன்னதில்லையே. குளிருதுன்னுதான் சொல்வீங்க."

அதுவும் உண்மைதான். போலந்தின் தென்கிழக்கு மூலையில், ஜெஷூஃப் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் ஆறு வருஷம் பெட்டி தூக்கினான். உள்ளே மைனஸ் இருபத்திரண்டு. உறை போட்ட கைக்குள் விரல் இருக்கிறதா இல்லையா என்று எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து தங்குமிடத்துக்கு வந்தால், பழைய வீடு, நிலக்கரி அடுப்பு, அடுப்பின் மேல் அகலமான இரும்புத் தகடு. கூடத் தங்கியிருந்த, கிடங்கில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டும் மாரெக் அந்தத் தகட்டின் மேலேயே, கல்லில்லாமல் சட்டியில்லாமல், வட்டவட்டமாக ரொட்டி போடுவான். அவன் ஊர்ப்பக்கத்து ரொட்டி. பேர் புரோஜாக்கி. மைதா, புளித்த பால், சோடா, உப்பு. சில வீட்டில் முட்டை. இரண்டு பக்கமும் கருகாமல் சிவந்ததும் எடுத்து, பிளந்து, பூண்டு தட்டிப்போட்ட வெண்ணெய் தடவுவான். இல்லாவிட்டால் வெள்ளைப் பாலாடைக்கட்டி. தட்டில் வைக்கக் கேட்டால் மாரெக்குக்குக் கோபம் வரும். "தட்டு வேண்டுமென்றால் கல்யாணத்துக்குப் போ" என்பான்.

நம்மூரில் எல்லாமே இருக்கிறது என்று ராம்கி கணக்குப் போட்டான். புளித்த பாலுக்குப் புளித்த தயிர். சோடாவுக்கு ஆப்ப சோடா. புரட்டாசி என்பதால் முட்டை வேண்டாம். பாலாடைக்கட்டிக்குத் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் ஆயிற்று. தகட்டுக்குத் தோசைக்கல்.

"பதினாலு பேரு வயித்துல சோதனை பண்ணாதீங்க" என்றாள் விஜயலட்சுமி. ஆனாலும் தயிரைத் துணியில் கட்டி ஆணியில் தொங்கவிட்டது அவள்தான்.

விடியற்காலை ஐந்துக்கு மாவு பிசைந்தான். பூரிக்கட்டையால் சுண்டுவிரல் கனத்துக்குத் தேய்த்து, எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வட்டம் வட்டமாக வெட்டினான். கல்லில் எண்ணெய் விடாமல் போட்டான். மாவு மெல்ல உப்பியது. சோடாவும் சூடும் சேர்ந்த அந்த வாசனை கூடம் வரைக்கும் போயிற்று. விஜயலட்சுமி தலை பின்னிக்கொண்டே வந்து ஒன்றை எடுத்தாள், ஊதினாள், தின்றாள். இன்னொன்றை எடுத்தாள்.

"பரவால்ல" என்றாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் கொடுத்த பெரிய பட்டம் அது.

அறுபது சுட்டான். மாவில் பாதி அப்படியே மிச்சமிருக்க, மணி பத்தாகிவிட்டது. இங்கேதான் ராம்கி தவறு செய்தான். இந்த ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய தவறு. நடவுக்குச் சாப்பாடு என்றால் வாளியில்தான் போகும். இட்லி போவதும் அப்படித்தான். அடியில் வாழையிலை, மேலே வாழையிலை, இறுக்கி மூடி, வண்டியில் மாட்டிக்கொண்டு போவது. பிறந்ததிலிருந்து பார்த்த முறை. அவன் கை யோசிக்காமல் அதையே செய்தது. அத்தனை ரொட்டியையும் சூட்டோடு வாளியில் அடுக்கி, இலை போட்டு, மூடி போட்டு அமுக்கினான்.

இட்லி தன் ஆவியிலேயே மெத்தென்று இருக்கும். இது அப்படியில்லை.

பத்தரைக்குப் பெண்கள் கரையேறினார்கள். வாளியைத் திறந்தபோது மேலே இருந்ததெல்லாம் வேர்த்து, தோல் நைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தது. அடியில் இருந்தது ஆறி இறுகியிருந்தது. பூண்டு வெண்ணெய் வெயிலில் உருகி எண்ணெயாகிவிட்டது. ராம்கி ஆளுக்கு நாலு என்று இடுக்கியால் தட்டுகளில் போட்டான்.

கண்ணாத்தாள் ஒன்றை எடுத்து வரப்பில் தட்டிப் பார்த்தாள். டொக்கென்றது.

"இதை வரப்புல பதிச்சு வச்சா நண்டு வளை போடாது தம்பி."

"வறட்டி மாதிரி இருக்குன்னு சொல்லுடி" என்றாள் இன்னொருத்தி.

"வறட்டி எரியும்டி."

சிரிப்பு வரப்பு முழுக்க ஓடியது. ராம்கியும் சிரித்துவைத்தான். பூவம்மாள் சிரிக்கவில்லை. ஒன்றை முழுதாக மென்று விழுங்கினாள். வேலைக்காரி வேலையை முடிப்பதுபோல முடித்தாள். பிறகு மரத்தடியில் வைத்திருந்த தன் தூக்குச் சட்டியைக் கொண்டுவந்து திறந்தாள். பழைய சோறு, இரண்டு சின்ன வெங்காயம். அவள் திறந்ததும் மற்றவர்களும் தங்கள் தூக்கைத் திறந்தார்கள்.

சாப்பாடு போடுகிறேன் என்று சொன்ன நிலத்துக்காரனின் வரப்பில் நடவுப் பெண்கள் தங்கள் தூக்கைத் திறப்பது என்றால் என்ன என்று அந்தப் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். முகத்துக்கு நேரே திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

அந்த நேரம் பார்த்து ரோட்டில் அமிர்தலிங்கத்தின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பக்கத்து வயல்காரர். இருபது ஏக்கர் சாகுபடி. ராம்கிக்கு மாமா முறை. வண்டியை விட்டு இறங்கவில்லை. இறங்கத் தேவையும் இல்லை, தூக்குகள் அங்கிருந்தே தெரிந்தன.

"என்ன மாப்ள, போலந்து விருந்தா?"

"ஆமாங்க மாமா."

"நல்லாருக்கட்டும். பூவம்மா, நாளைக்கு ஏழு மணிக்கெல்லாம் நம்ம வயலுக்கு வந்துடணும். சமையக்காரன் இளையபெருமாள்கிட்ட வடைக்கு ஊறப்போடச் சொல்லியாச்சு."

"பாப்பம்யா" என்றாள் பூவம்மாள்.

பார்ப்போம் என்றால் அவள் அகராதியில் வருகிறோம் என்று பாதி அர்த்தம். வண்டி போனதும் ராம்கி அவள் பக்கத்தில் குந்தினான்.

"அக்கா, ஒரு மணிக்கு டீக்கு ஏறுவீங்கல்ல. அப்ப ஒரு தடவை சுட்டுத் தர்றேன். இங்கயே. நல்லா இல்லைன்னா நாளைக்கு வாங்கன்னு நான் வாயைத் தொறக்க மாட்டேன்."

பூவம்மாள் தூக்கை அலம்பினாள். "இதையா?"

"இதை இல்லைக்கா. இது செத்துப்போச்சு. கொன்னது நான்தான்."

அவள் வாயோரத்தில் என்னவோ நெளிந்தது. "சுடுங்க. எங்களுக்கென்ன" என்று சேற்றில் இறங்கினாள்.

ராம்கி வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தான். வீட்டிலிருந்து தோசைக்கல், மிச்ச மாவு, பூரிக்கட்டை, டம்ளர், ஆணியில் தொங்கிய தயிர் மூட்டை, பூண்டு, புதிதாக வெண்ணெய், பத்துப் பச்சைமிளகாய். வயலோரத்தில் மோட்டார் கொட்டகை இருந்தது. அதன் வாசலில், தகரச் சாய்ப்புக்குக் கீழே மூன்று செங்கல்லை வைத்துக் கல்லைப் போட்டான். கருவேல விறகும் தென்னை மட்டையும் இருந்தன. தீ பிடிப்பதற்குள் கண்ணெல்லாம் எரிந்து மூக்கொழுகியது. மாரெக்கின் அடுப்புக்குப் புகைபோக்கி இருந்தது என்பது இப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது.

பன்னிரண்டரைக்கு மேற்கே கறுத்தது. கால் மணியில் மழை இறங்கியது. இடி மின்னல் இல்லை. நசநசவென்று நிற்காத மழை. நடவு நடக்கத்தான் செய்தது. பெண்கள் தலையில் யூரியா சாக்கை மாட்டிக்கொண்டு குனிந்தபடியே பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்கள். காலையிலிருந்து முழங்கால் வரை தண்ணீர், இப்போது முதுகிலும் தண்ணீர். ஒரு மணிக்கு அவர்கள் ஏறி வந்து கொட்டகைத் தகரத்துக்குக் கீழே ஒண்டியபோது இரண்டு பேருக்குப் பல் அடித்துக்கொண்டிருந்தது.

கல் காய்ந்திருந்தது. நாலு நாலாகத்தான் போட முடியும். முதல் ஈடு உப்பிச் சிவந்ததும் ராம்கி தோசைக்கரண்டியால் எடுத்து, பிளந்து, பூண்டு வெண்ணெயைத் தடவி, பூவம்மாள் நீட்டிய தட்டில் போட்டான்.

தட்டு மழையில் நனைந்து சில்லென்றிருந்தது. விழுந்த உடனேயே ரொட்டியின் அடி வேர்த்தது. பூவம்மாள் அதைத் திருப்பிப் பார்த்தாள். காலையில் வாளியில் நடந்தது தட்டில் நடக்க ஆரம்பித்திருந்தது. அவன் கவனிப்பதற்கு முன்பே அது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"தட்டுல போட்டா தண்ணி விடுது தம்பி. கையில குடுங்க."

ராம்கியின் கரண்டி அப்படியே நின்றது. அந்த வரப்பில் அவன் அப்பா காலத்திலிருந்து சாப்பாடு கரண்டியிலிருந்துதான் இறங்கும். இலைக்கு இறங்கும், பிறகு தட்டுக்கு இறங்கியது. கை கையைத் தொடாது. யாரும் போட்ட சட்டமில்லை. யாரும் எடுத்த சட்டமும் இல்லை. பதினாலு பெண்களும் அவன் கையையே பார்த்தார்கள். பூவம்மாள் கையை நீட்டவில்லை; நீட்டாமல் காத்திருந்தாள்.

மாரெக் ஒருநாளும் அவனை என்ன சாதி என்று கேட்டதில்லை. கேட்கத் தெரியாது அவனுக்கு. விறைத்த கையைப் பிடித்து இழுத்து அதில் ரொட்டியை வைத்து அழுத்துவான், அவ்வளவுதான்.

ராம்கி கரண்டியைக் கீழே வைத்தான். கல்லிலிருந்து அடுத்ததை விரலாலேயே எடுத்தான். சுட்டது. இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாகப் போட்டுப் பிடித்து, பிளந்து, தடவி, "இந்தாங்கக்கா" என்றான். இப்போது அவள் கையை நீட்டினாள். அவன் அவள் உள்ளங்கையில் வைத்தான்.

பூவம்மாள் உடனே தின்னவில்லை. இரண்டு கையையும் சேர்த்து அதைப் பொத்திக்கொண்டாள். தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிய விரல்கள், நகக்கண்ணெல்லாம் சேறு. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள். கிடங்கிலிருந்து வந்து அடுப்படியில் நின்ற நாளெல்லாம் ராம்கியும் அப்படித்தான் பிடித்திருப்பான். பிறகு கடித்தாள். வெண்ணெய் மணிக்கட்டு வழியாக வழிந்தது, அதையும் விடவில்லை.

"இது ரொட்டி" என்றாள். "காலையில குடுத்தது என்னன்னு தெரியல."

பிறகு கல்லுக்கு ஓய்வில்லை. கைகள் நீண்டன. முதல் நாலைந்து பேருக்குக் கொடுக்கும்போது ராம்கிக்கு உடம்பு கூசியது. பிறகு விரல் சுட்டதில் மற்றதெல்லாம் மறந்துவிட்டது. ஒருத்தி மாவு தேய்க்க உட்கார்ந்தாள், இன்னொருத்தி டம்ளரால் வெட்டினாள். கண்ணாத்தாள் தன் தூக்கில் மிச்சமிருந்த சின்ன வெங்காயத்தை எடுத்துக் கையாலேயே நசுக்கினாள். பிளந்த ரொட்டிக்குள் கட்டித்தயிரை அப்பி, வெங்காயத்தையும் ஒரு கடி பச்சைமிளகாயையும் திணித்து மூடி வாயில் போட்டாள்.

"அந்தூருல இப்படித் திம்பாங்களா?"

"வெங்காயம் வப்பாங்க. மிளகா வைக்க மாட்டாங்க."

"அதான் அவ்வளவு குளிருது" என்றாள் கண்ணாத்தாள். இரண்டாவதுக்குக் கை நீட்டிக்கொண்டே கேட்டாள், "ஏந் தம்பி, பொண்டாட்டிக்காச்சும் இப்படிச் சுடச்சுடக் கையில குடுத்திருக்கீங்களா?"

"காலையில அவளே எடுத்துக்கிட்டா."

"பாவம் டீச்சரம்மா" என்றது கூட்டம்.

மாவு தீர்ந்தது. மழை விட்டது. அன்றைய மூன்று மா முடியும்போது மணி மூன்றரை. மறுநாளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ராம்கியும் கேட்கவில்லை, ரொட்டி நன்றாக இருந்ததா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். மிச்சம் இரண்டு மா சேறு வானத்தைக் காட்டிக்கொண்டு காலியாகக் கிடந்தது. அதன் ஓரத்தில் நாற்று முடிகள் நுனி மஞ்சள் பாய ஆரம்பித்திருந்தன.

பூவம்மாள் கால் கழுவினாள். செருப்பை மாட்டினாள். பத்தடி போனவள் திரும்பினாள்.

"நாளைக்குக் கல்லை ஒரு மணிக்குப் போடுவீங்களா, பத்தரைக்குப் போடுவீங்களா?"

"நீங்க எப்ப ஏறுறீங்களோ அப்ப."

"பத்தரைக்கே போடுங்க. கல்லை விட்டு எந்திரிக்கக் கூடாது. வாளியை வீட்டுலயே வச்சுட்டு வாங்க."

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு ராம்கி கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தான். இந்தத் தடவை இரண்டு தோசைக்கல். ஒன்று விஜயலட்சுமி பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கித் தந்தது. ரோட்டில் போகிறவர்கள் வண்டியை மெதுவாக்கி, நிலத்துக்காரன் வயலில் மாவு பிசைவதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பார்க்கட்டும். ஏழுக்குப் பெண்கள் வரிசையாக வரப்பில் வந்தார்கள். எண்ணினான். பதினொன்று.

"மூணு பேரு பாயசத்துக்குப் போயிட்டாளுவ" என்றாள் பூவம்மாள். "ஐயாகிட்ட மீதிப் பேரு நாளைக்குன்னு சொல்லிட்டேன். ரெண்டு மாவுக்கு இது போதும்."

போதும்தான். போனவர்களில் கண்ணாத்தாள் இருப்பதைக் கவனித்தபோது ராம்கிக்கு ஒரு மாதிரி இருந்தது. நேற்று ஒன்பது தின்றவள். ஆனால் அவளுக்கும் பாயசம் பிடிக்கும், அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது.

பத்தரைக்கு இரண்டு கல்லும் காய்ந்திருந்தன. பதினொரு பேரும் கரையேறி வந்து சுற்றி நின்றார்கள். முதல் ஈட்டை எடுத்துப் பிளந்துகொண்டிருந்தபோது அமிர்தலிங்கத்தின் வயல் பக்கமிருந்து ஒரு உருவம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பின் மேல் வேகமாக நடந்து வந்தது. முழங்கை வரை சேறு. வாய்க்கால் தண்ணீரில் ஒரு கையை மட்டும் அலம்பிக்கொண்டு, நேராகக் கல்லுக்கு முன்னால் வந்து நின்று நீட்டினாள் கண்ணாத்தாள்.

"என்னடி, பாயசம் என்னாச்சு?" என்றாள் பூவம்மாள்.

"அது மத்தியானந்தான் ஊத்துவாங்களாம்."

"அதுக்கு?"

"அதுவரைக்கும் பசிக்குதுல்ல" என்றாள் கண்ணாத்தாள். ராம்கியைப் பார்த்து, "சீக்கிரம் தம்பி, ஐயா வர்றதுக்குள்ள போவணும். தயிரை நல்லா அப்புங்க, நேத்து கம்மியா வச்சீங்க" என்றாள்.

ராம்கி அப்பினான்.